முழங்கால் பையில் ஒரு கடிதம்

நீங்க ஜன்னல் பக்கம் போயிடுங்க தம்பி. எனக்கு ஓரம்தான் வேணும். நெனச்சா எந்திரிக்கணும் எனக்கு. அப்படி எந்திரிக்க முடியாத இடத்துல நான் உக்காரவே மாட்டேன். கல்யாண மண்டபத்துல கூட வாசலை ஒட்டின நாற்காலிதான். எங்க அண்ணன் மகன் கார் வச்சிருக்கான், தஞ்சாவூர்ல கொண்டாந்து விடறேன் சித்தப்பான்னு மாசாமாசம் சொல்றான். ஏறினதும் பெல்ட்டைப் போடச் சொல்லுவான். அது மாட்டுற சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடன்னு வந்துரும். அதான் பட்டுக்கோட்டையில பஸ் ஏறிடறது.

பட்டாளமா? மீசைய வச்சுக் கேக்கறீங்க போல. பட்டாளம் இல்ல, ஏர்ஃபோர்ஸ். பைலட்டு. எழுபத்தொண்ணு பாகிஸ்தான் சண்டையில மேற்குப் பக்கம் இருந்தேன், பஞ்சாப்ல ஒரு தளம். எத்தனை விமானத்தைச் சுட்டீங்கன்னு அடுத்தாப்ல கேப்பீங்க. எல்லாரும் கேப்பாங்க. ஒண்ணும் சுடலை. சுடறதுக்கு மேல போகணுமே. பதினாலு நாள் சண்டையில நான் மேல இருந்தது பதினோரு நிமிஷம். மிச்சமெல்லாம் தரையில. சிரிக்காதீங்க, தரையில இருக்கறது லேசுப்பட்ட வேலைன்னு நெனைக்காதீங்க.

எங்க விமானம் சின்னது. நேட்டுன்னு பேரு, இங்கிலீஷ்ல கொசுன்னு அர்த்தம். எங்க ஊரு மாட்டுவண்டி அதைவிட விசாலம். ஓடுபாதை முனையில மண்மூட்டை அடுக்கின கொட்டாய்க்குள்ள ரெண்டு விமானம் எப்பவும் தயாரா நிக்கும். எதிரி விமானம் வருதுன்னு ஃபோன்ல உத்தரவு வந்தா ரெண்டு நிமிஷத்துல நாங்க மேல இருக்கணும். ரெண்டு நிமிஷத்துல ஓடிவந்து ஏறிக் கட்டிக்கிட்டுக் கிளம்ப முடியுமா? முடியாது. அதனால முன்னாடியே ஏறிக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். தோள்ல ரெண்டு பட்டை, இடுப்புல ரெண்டு, கால்ல ரெண்டு. ஆக்சிஜன் குழாய் ஒண்ணு. ஃபோன் ஒயர் ஒண்ணு, காதுலேர்ந்து நேரா கண்ட்ரோல் ரூம் வரைக்கும். உக்கார்றது பாராசூட் மூட்டை மேல. ரெண்டு மணி நேரம் உள்ள, ரெண்டு மணி நேரம் வெளிய. வெளியன்னாலும் பக்கத்துக் குடிசை, அவ்வளவுதான். விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சா பொழுது சாயற வரைக்கும்.

டீ குடிக்க மாட்டோம். ஏன்னு புரியுதுல்ல? குடிச்சா அப்புறம் இறங்கணும். இறங்க முடியாது. ஏணிகிட்ட பல்பீர்னு ஒரு சார்ஜென்ட் நிப்பார், எங்க விமானத்துக்கு அவர்தான் பொறுப்பு. டீ வேணாம்னா வெல்லமும் வேர்க்கடலையும் கொண்டாந்து கையில வைப்பார். முதுகு அரிச்சா சொல்லலாம், அதுக்கு மேல அவரால ஒண்ணும் பண்ண முடியாது. டிசம்பர் மாசம், பத்து மணி வரைக்கும் பனி. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஓடுபாதையைப் பாத்துக்கிட்டே காதை அந்த ஒயர்ல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். தும்மல் வந்தா கூட உத்தரவு காதுல விழாமப் போயிருமோன்னு அடக்கிப்போம்.

அப்ப என் பொண்டாட்டி எட்டு மாசம். அதச் சொல்லணும்ல. பூங்கோதைன்னு பேரு. இப்ப அவளைத்தான் பாக்கப் போறேன்.

ஊர்ல எங்க அப்பா அம்மாகூட இருந்தா. பட்டுக்கோட்டைக்குத் தெற்க உள்ளடங்கின கிராமம். ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போறது நம்ம பக்கம் வழக்கம்தானே. அவ அம்மா வீடு தஞ்சாவூரு, ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி. ஆனா அவ தம்பி ஒரு தப்பு பண்ணிட்டான். வளைகாப்புக்கு நாள் குறிச்சுக்கிட்டு வந்துட்டான். எங்கப்பாவைக் கேட்டுட்டுக் குறிச்சிருக்கணும். எங்கப்பா அந்தக் காலத்து மனுஷன். என்னைக் கேக்காம குறிச்ச நாள்ல என் வீட்டுப் பொண்ணை அனுப்ப மாட்டேன்னுட்டாரு. வளையல் போட்டாங்க, கலவை சாதம் பரிமாறினாங்க, பொண்ணை மட்டும் அனுப்பலை. அப்புறம் ஊர்ல நாலு பேரு சொன்னதும், சரி, என் மகன் எழுதட்டும், அனுப்புறேன்னாரு. எங்கம்மா அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசினதில்லை.

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. அதையும் சொல்லிட்டேன், அப்புறம் தப்பா நெனைக்காதீங்க.

எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ முகம்தான். அங்க உக்காந்திருக்கறப்ப வேற என்ன வேலை? அவ தலையைத் துவட்டிக்கிட்டே யார்கிட்டயோ பேசிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும். குழந்தைக்குப் பேரு யோசிப்பேன். ஆம்பளப் பேரு ஆறு, பொம்பளப் பேரு ஆறு. எங்க வீட்டு முருங்கைக்கீரைக் குழம்பு வாசனை அந்த மண்ணெண்ணெய் நாத்தத்துக்கு நடுவுல எப்படித்தான் வருமோ, வரும். அழுதிருக்கேன் தம்பி. மாஸ்க்கை மாட்டிக்கிட்டா யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் தவறாம அவளுக்கு லெட்டர் எழுதினேன். தொடையில ஒரு அட்டை கட்டியிருப்போம், மேப்பு குறிக்கறதுக்கு. அதுல வச்சு எழுதுவேன். எந்த ஊர்ல இருக்கேன்னு எழுதக்கூடாது, என்ன பண்றேன்னு எழுதக்கூடாது, எல்லாத்தையும் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க. அதனால மனசுல இருக்கறத எழுதுவேன். உன் நெனப்பாவே இருக்கேன். குளிரு ஜாஸ்தி. ரொட்டி தின்னு நாக்கு செத்துப்போச்சு. உடம்பைப் பாத்துக்க. அப்பா சொல்றபடி கேட்டு நடந்துக்க. எல்லா லெட்டரும் இப்படித்தான் முடியும். பதினாலு நாள்ல பதினாலு லெட்டர். எந்தப் புருஷன் எழுதுவான், சொல்லுங்க.

அவ லெட்டரா? வந்துச்சு. அதுதான் விஷயமே.

சண்டை ஆரம்பிச்ச மூணாம் நாள் வந்துச்சு. இன்லேண்டு லெட்டர், நீலக் கலரு. எங்க ஸ்குவாட்ரன்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. தயார் வரிசையில இருக்கறவன் வீட்டு லெட்டரை அப்பப் பிரிக்கக்கூடாது. பல்பீர் வாங்கி வச்சுப்பார். அன்னைக்கு வேலை முடிஞ்சு இறங்கினப்புறம் குடுப்பார். வீட்டுல ஒரு கஷ்டம்னு படிச்சுட்டு மேல போனா புத்தி நிதானத்துல இருக்காதுல்ல, அதுக்காக. நல்ல வழக்கம்தான்.

அன்னைக்குச் சாயங்காலம் பல்பீர் குடுத்தார். குடுக்கறப்ப சும்மா இல்லாம ஒரு கதை சொன்னார். அறுபத்தஞ்சு சண்டையில ஒரு ஆபீசர், பொண்டாட்டி லெட்டரைப் பிரிக்க நேரமில்லாம பையில வச்சுக்கிட்டே மேல போயிட்டாராம். விமானமெல்லாம் ஓட்டை, அவர் மேல ஒரு கீறல் இல்ல. அன்னைக்கு ராத்திரி பிரிச்சுப் படிச்சாராம். மறுநாள் போனவர் வரலை. பிரிக்காத லெட்டரு வச்சிருக்கறவனை எமன் தொடமாட்டான் சார், அவன் இன்னும் ஒரு சேதி கேக்க வேண்டியவன்னாரு பல்பீர்.

நான் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படிச்சவன். சிரிச்சேன். சிரிச்சுட்டு லெட்டரைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். பிரிக்கலாம்னு நகத்தை வைப்பேன். நாளைக் காலையில ஏறணுமேன்னு எடுத்துருவேன். கடைசியில முழங்காலுக்குக் கீழ ஒரு பை இருக்கும், மேப்பு வைக்கறதுக்கு, அதுல வச்சு ஜிப்பை இழுத்துட்டேன். அவகிட்ட திரும்பிப் போகணும் தம்பி எனக்கு. அதுக்காகத்தான். குழந்தை முகத்தைப் பாக்கணும். அந்த ஆசையில பண்ணின காரியம் அது.

பக்கத்து விமானத்துல கேல்கர்னு ஒரு புனேக்காரன். அவன் தினம் சாயங்காலம் லெட்டரைப் பிரிச்சு எங்களுக்கே படிச்சுக் காட்டுவான். அவன் மாமியாருக்கு வாயுத் தொல்லை, அதக்கூடப் படிப்பான். நாலு தடவை மேல போயிட்டு வந்தான். இப்பவும் புனேல பேரன் பேத்தியோட நல்லா இருக்கான், டிசம்பர் வந்தா ஃபோன் பண்ணுவான். அது அவன் கணக்கு வேற. ஒருத்தருக்கு ஒண்ணு ஒத்துக்கும்.

என்னை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாங்க. ஒம்பதாம் தேதி, பதினொரு மணி வாக்குல. காதுல சத்தம் வந்துச்சு. பல்பீர் ஏணியை உருவினார். ஒண்ணே முக்கால் நிமிஷத்துல மேல. மிச்சமிருந்த பனிக்கு மேல போனா வெளிச்சம்னா வெளிச்சம், கண்ணு கூசுது. எங்க எங்கன்னு தேடுறேன். இடது கால்ல அந்த லெட்டர் இருக்கறது தெரியுது. பயமா இருந்துச்சு, மறைக்க மாட்டேன். ஆனா ஒரு தெம்பு. அப்புறம் காதுல சொல்றாங்க, எதிரி திரும்பிட்டான், நீயும் திரும்புன்னு. இறங்கிட்டேன். அதான் பதினோரு நிமிஷம். இறங்கினதும் பல்பீர் என் முழங்காலைத் தட்டினார், பாத்தீங்களா சார்னு. நீங்களே யோசிங்க, பிரிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?

எதிரி திரும்பிட்டான்தான். ஏன் திரும்பினான்?

ஒரத்தநாடு தாண்டிருச்சா? சரி சரி, நேரம் இருக்கு.

பதினேழாம் தேதி சாயங்காலம் சண்டை நின்னுச்சு. மெஸ்ல எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் ரூமுக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டு லெட்டரைப் பிரிச்சேன். வேர்வையில நனைஞ்சு காஞ்சு, ஒட்டின இடத்துல கொஞ்சம் கிழிஞ்சுச்சு. ஆனா எல்லாம் படிக்க முடிஞ்சுது. எனக்கு மனப்பாடம். சொல்லட்டுமா?

மாமாவுக்குத் தெரியாம எழுதறேன், வாத்தியார் வீட்டு அக்காதான் தபால்ல போடறாங்கன்னு ஆரம்பிச்சிருந்தா. மாமான்னா எங்கப்பா. கால் ரெண்டும் வீங்கிப் போச்சு, மெட்டியைக் கழட்டிட்டேன். நாலு நாளா தலைவலி. கண்ணுக்கு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்குது. மழை விடலை, இன்னும் ரெண்டு நாள் பெஞ்சா ரோட்டு மேல தண்ணி வந்துரும், அப்புறம் வண்டி வராது. நீங்க எழுதினா என்னை அனுப்புறேன்னு மாமா சொல்லியிருக்காங்க. நான் கேட்டேன்னு எழுதாதீங்க, உங்களுக்கே தோணின மாதிரி ஒரு தந்தி குடுங்க. அனுப்பவும்னு ஒரு வார்த்தை போதும். வாசல்லயே உக்காந்திருக்கேன்.

அவ்வளவுதான் லெட்டரு. நான் சும்மா இருந்தேன்னு நெனைக்கறீங்களா? சட்டை கூட மாத்தலை, பறக்கற உடுப்போட சைக்கிள்ல ஏழு மைல் மிதிச்சுத் தந்தி ஆபீசுக்குப் போனேன். மூடிட்டான். பக்கத்துலயே வீடு, எழுப்பி, கெஞ்சி, அடிக்க வச்சேன். பூங்கோதையை உடனே தஞ்சாவூர் அனுப்பவும். எங்கப்பா பேருக்கு.

இருபதாம் தேதி தந்தி போய்ச் சேந்துச்சு. எங்கப்பா சொன்ன சொல் மாறாத மனுஷன், அத மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. தந்தியைப் பாத்த அன்னைக்கே வாடகைக் கார் பிடிச்சு அவளை ஏத்தி அனுப்பிட்டார். ரோட்டுல தண்ணியும் வடிஞ்சிருந்துச்சு.

குழந்தை பதினஞ்சாம் தேதி பொறந்து பதினாறாம் தேதி போயிருச்சு தம்பி. ஆம்பளப் புள்ள. அவளுக்கு வலிப்பு வந்து, மருத்துவச்சிக்குக் கை ஓடலை, வண்டி வர வழியில்லை. அவ பொழைச்சதே பெரிசு. அஞ்சு நாள் பச்சை உடம்போட கார்ல ஏறினா. வேணாம்னு எங்கம்மா முதல் தடவையா வாயைத் தொறந்தாங்களாம். மகன் எழுதிட்டான், போகட்டும்னுட்டார் எங்கப்பா.

எனக்கு யாரும் சொல்லலை. எல்லையில இருக்கறவன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு விட்டுட்டாங்க. பிப்ரவரியில லீவுல வந்து பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல இறங்கினப்ப எங்கப்பா நின்னுக்கிட்டு இருந்தார். நான் கையில கிலுகிலுப்பை வச்சிருந்தேன், அம்பாலாவுல வாங்கினது. அத வாங்கித் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டு அப்புறம்தான் சொன்னார்.

அன்னைக்கே தஞ்சாவூர் போனேன். அவ காப்பி கொண்டாந்து குடுத்தா. லெட்டர் வந்துச்சான்னு கேட்டா. நான் எல்லாத்தையும் சொன்னேன். பல்பீர் சொன்ன கதை, முழங்கால் பை, ஒம்பதாம் தேதி மேல போனது, திரும்பினது. உன் லெட்டர்தான் என்னைக் காப்பாத்துச்சு பூங்கோதைன்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அதக் கேட்டாவது கொஞ்சம் ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன். அவ அப்படியான்னா.

அப்புறம் அவதான் சொன்னா, நான் எழுதின லெட்டரெல்லாம் எங்கப்பா கூடத்துல உக்காந்து உரக்கப் படிப்பாராம். மகன் லெட்டரு வீட்டுக்கே பொதுன்னு அவர் நெனப்பு. அவ கதவோரம் நின்னு கேப்பாளாம். ஒவ்வொண்ணுலயும் அந்த ஒரு வார்த்தை வருதான்னு. கடைசி வரி வரும், அப்பா சொல்றபடி கேட்டு நடந்துக்கன்னு. பாத்தியாம்மா, அவனே எழுதிட்டான்னு எங்கப்பா மடிச்சு வைப்பாராம். அது என்ன தம்பி, லெட்டரை முடிக்கணும்னு எழுதற வரிதானே. நீங்களும்தான் எழுதுவீங்க.

அவ அம்மா வீட்டுல உடம்பு தேறட்டும்னு விட்டேன். மூணு மாசம்னு சொன்னாங்க. அப்புறம் அங்கயே ஸ்கூல்ல டீச்சர் வேலை கிடைச்சுது. வடக்க குளிர் அவளுக்கு ஒத்துக்காது, குவார்ட்டர்ஸ்ல வந்து என்ன பண்ணப் போறான்னு விட்டேன். அப்புறம் அவ அம்மா படுத்துட்டாங்க. அப்புறம் தம்பிக்கு மஞ்சள் காமாலை. எப்பவும் யாராவது ஒருத்தர். ஹெட்மிஸ்ட்ரஸா ஆயி ரிட்டயர் ஆனா. இப்ப அந்த வீட்டைப் பாத்துக்க ஆள் இல்லை, அதான் அங்கயே இருக்கா. வேற ஒண்ணும் இல்ல. சண்டை சச்சரவுன்னு ஒரு நாள் கிடையாது எங்களுக்குள்ள. நான் மாசம் ஒரு தடவை போவேன். இலை போட்டுச் சோறு போடுவா. பேப்பர் படிப்பேன். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடுவேன். அம்பது வருஷத்துக்கு மேல இப்படித்தான் போகுது.

போன மாசம்தான் கேட்டேன். எனக்கும் எம்பத்தொண்ணு ஆயிருச்சு. கிராமத்து வீட்டுல நான் மட்டும்தான். கதவைத் தாழ் போட்டுட்டுப் படுத்தா காலையில எந்திரிப்பமான்னு தெரியலை. வந்துரேன் பூங்கோதை, போதும் இங்க இருந்ததுன்னேன். ரசம் ஊத்திக்கிட்டு இருந்தா. ஊத்தி முடிச்சுப் பாத்திரத்தை மூடினா. எனக்குக் கொஞ்சம் கோவம். அந்தப் பழசையே நெனச்சுக்கிட்டு இருக்கியா, சண்டைக் காலத்துல நான் என்ன பண்ண முடியும், கட்டிப் போட்ட மாதிரில்ல உக்காந்திருந்தேன்னேன்.

அப்பச் சொன்னா. கோவமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை. மோர் வேணுமான்னு கேக்கற மாதிரி சொன்னா.

"கட்டினவங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவுத்து விட்டாங்கல்ல. அப்பல்லாம் கையி சும்மாத்தான இருந்துச்சு?"

சொல்லிட்டு மோரைக் கொண்டாரப் போயிட்டா.

மோர் வர்றதுக்குள்ள இலையை மடிச்சுட்டேன். சாயங்காலம் நாலு மணி பஸ்ஸை விட்டுட்டேன், அஞ்சு மணி பஸ்ஸுலதான் போனேன். முப்பது நாளா அதையே போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி. குளிர்னு சொல்லலாம், விரல் மரத்துப் போச்சுன்னு. பனின்னு சொல்லலாம். எமன்னு சொல்லலாம், அத ஏற்கெனவே சொல்லியாச்சு. நான் உன்னைப் பாக்கணும்னுதானடி பிரிக்காம இருந்தேன்னு சொல்லலாம். அது நெசம். நெசமாத்தான் இருக்கு, ஆனா வாய்க்குள்ள வச்சுச் சொல்லிப் பாத்தா நல்லா இல்ல.

இன்னைக்குப் போனதும் கேப்பா. கேக்க மாட்டா, இலையைப் போட்டுட்டு எதுத்தாப்ல நிப்பா. நான் ஏதாவது சொல்லியாகணும். இன்னும் நாலு ஸ்டாப்புதான் இருக்கு. நீங்க படிச்சவங்க மாதிரி தெரியறீங்க. என்ன சொல்லலாம், சொல்லுங்க தம்பி.